ஆகாயத்தில் ஒரு கல்யாண மண்டபம்!

என் மாமனார் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, மாமியாருடன் சண்டை. இல்லையென்றால், பணம். போன மாதம் வந்தபோது கையில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு கட்டு முருங்கைக்காய், சட்டைப் பாக்கெட்டில் நாலாக மடித்த துண்டுக் காகிதம். சண்டை இல்லை என்று உடனே புரிந்துவிட்டது. சண்டைக் காலத்தில் முருங்கைக்காய் வராது.

"மாப்ளே, நீங்க பி.காம். படிச்சவரு. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று காகிதத்தைப் பிரித்து நீட்டினார்.

ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில், 'ஆகாயத்தில் ரோடு போடுகிறவர்கள்' என்று ஒரு குறிப்பு. பார்க்கில் கூட நடக்கும் நண்பர் சொன்னாராம். நண்பருடைய பையன் அங்கே டெக்ஸாஸில் இருக்கிறான், வாங்கியிருக்கிறான், மூன்றே மாதத்தில் ஒன்றரை மடங்காம். இங்கிருந்தே போனில் ஆப் போட்டு வாங்கலாமாம். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் பாங்கே அனுமதிக்கிறதாம். (அது நிஜம்தான். இரண்டரை லட்சம் டாலர் வைத்திருப்பவர் ஏன் முருங்கைக்காயுடன் பஸ்ஸில் வருகிறார் என்பது வேறு விஷயம்.)

"எவ்வளவு போடறதா உத்தேசம் மாமா?"

"மூணு லட்சம்."

மின்வாரியத்தில் முப்பத்தி நாலு வருஷம் கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவே காலம் தள்ளியவர். ரிட்டயராகி வந்த பணத்தில் மச்சினி கல்யாணம், வீட்டு மேல் மாடி எல்லாம் போக, மிச்சமிருப்பது சொற்பம். மூணு லட்சம் என்பது அதில் நல்ல பெரிய துண்டு.

"ராக்கெட் விடறவன் வேற மாப்ளே. அது வெடிக்கும், போகும். இவன் மேலே லைன் இழுத்துக் கொடுக்கறவன். நாங்க கம்பம் நட்டாத்தானே ஊருக்கே கரெண்டு? லைன் வச்சிருக்கறவனுக்கு என்னிக்குமே நஷ்டம் வராது."

மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் நஷ்டமே வராது என்கிறார்! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அடக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021-ல், ஊரெல்லாம் ஷேர் வாங்கிய அந்த கொரோனா வருஷத்தில், அடியேனும் இதே ஜாதிக் கம்பெனி ஒன்றில் நாற்பதாயிரம் ரூபாய் போட்டேன். பெயர் வேண்டாம். வெளியே வந்தபோது கைக்குக் கிடைத்தது மூவாயிரத்துச் சொச்சம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சரி, 'ஆகாயத்தில் ரோடு' போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று மாமாவுக்கு ஒரு கதை சொன்னேன். காபி இரண்டு ரவுண்டு ஓடிற்று. உங்களுக்கும் சொல்கிறேன்.

1985. அமெரிக்காவில் மோட்டரோலா கம்பெனி இன்ஜினீயர் பேரி பெர்டிகர் மனைவியுடன் பஹாமாஸ் தீவுக்கு விடுமுறைக்குப் போகிறார். அங்கிருந்து தன் வேலை விஷயமாக அந்த அம்மாள் ஊருக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. 'நீங்கள்லாம் என்ன பெரிய போன் கம்பெனி?' என்கிற ரீதியில் ஒரு கேள்வி. நாமாக இருந்தால் 'நாளைக்குப் பேசிக்கலாம் விடு' என்றிருப்போம். மனிதர் ஊர் திரும்பி, தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேருடன் உட்கார்ந்து, பூமியைச் சுற்றிச் சின்னச் சின்ன சாட்டிலைட்டுகளாக ஒரு வலையே பின்னிவிடலாம் என்று திட்டம் போட்டுவிட்டார்! பாலைவனம், நடுக்கடல், வட துருவம் எங்கே நின்றாலும் போன் பேசலாம்.

77 சாட்டிலைட் வேண்டும் என்று கணக்கு. கெமிஸ்ட்ரியில் 77-ம் நம்பர் தனிமம் இரிடியம். அதையே பெயராக வைத்தார்கள். பிறகு 66 போதும் என்று கணக்கு மாறியது. 66-ம் நம்பர் தனிமத்தின் பெயர் டிஸ்ப்ரோசியம். வாய்க்குள் நுழையாத அந்தப் பெயரில் ஷேர் விற்க முடியுமா? இரிடியமே நிலைத்தது.

தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமே இல்லை. 780 கிலோமீட்டர் உயரம். பூமியை ஒரு சுற்றுச் சுற்ற சுமார் நூறு நிமிஷம். ஒரு சாட்டிலைட் தலைக்கு மேலிருந்து நகர்ந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களை அடுத்த சாட்டிலைட்டிடம் பந்து மாதிரி தட்டிவிடும். சாட்டிலைட்டுகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். 1997 மே மாதம் முதல் செட்டை ஏற்றினார்கள். அமெரிக்க ராக்கெட், ரஷ்ய ராக்கெட், சீன ராக்கெட் என்று எது கிடைத்ததோ அதில் ஏற்றி, சுமார் ஒரே வருஷத்தில் மொத்தப் பட்டாளத்தையும் மேலே நிறுத்தினார்கள். அடேயப்பா! நம் தெருவில் ஒரு ட்ரான்ஸ்பார்மர் மாற்ற எத்தனை நாளாயிற்று என்று மாமாவைக் கேட்டேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார்.

1997 ஜூனில் பங்கு வெளியீடு. ஷேர் 20 டாலர். அடுத்த வருஷமே 70 டாலரை எட்டிப் பார்த்தது. டெக்ஸாஸ் பையன் மாதிரி எத்தனை பையன்கள் அப்போது வாங்கியிருப்பார்கள்!

1998 நவம்பர் 1-ம் தேதி சேவை ஆரம்பம். அமெரிக்கத் துணை ஜனாதிபதி அல் கோர் முதல் அழைப்பைப் பேசினார். யாரிடம்? டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லின் கொள்ளுப்பேரனிடம். என்ன பொருத்தம் பாருங்கள்! இதுவரைக்கும் கதை ஜோர்.

இனி வரவு - செலவு.

செலவு சுமார் 500 கோடி டாலர். கையில் வந்த போன், செங்கல் சைஸ். விலை மூவாயிரம் டாலர். பேசினால் நிமிஷத்துக்கு மூன்றிலிருந்து ஏழெட்டு டாலர். அதையும் வீட்டுக்குள்ளே நின்று பேச முடியாது. ஆகாயம் தெரிய வேண்டும். காருக்குள் உட்கார்ந்தாலும் போச்சு. பெரிய பெரிய பிசினஸ்காரர்கள் ஊர் ஊராகப் போகும்போது பேசுவார்கள் என்று நம்பித்தான் இத்தனையும். அந்தப் பிசினஸ்காரர் ஏ.சி. ரூமிலிருந்து எழுந்து மொட்டை மாடிக்கு ஓடி வந்து 'ஹலோ' சொல்ல வேண்டும்!

திட்டம் போட்டு முடிப்பதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் கீழே, தரையில், சாதாரண செல்போன் வந்து எல்லா நகரத்திலும் டவர் நட்டுவிட்டார்கள். சட்டைப் பைக்குள் அடங்குகிற போன். ஊர்விட்டு ஊர் போனாலும் ரோமிங்கில் பேசிவிடலாம்.

கடன் கொடுத்த பாங்குகள் ஒரு நிபந்தனை வைத்திருந்தன. 1999 மார்ச் முடிவதற்குள் சாட்டிலைட் போனுக்கு மட்டும் 27,000 சந்தாதாரர்களாவது சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தவர்கள் சுமார் பத்தாயிரம். அந்த மூன்று மாதத்தில் வருமானம் பதினைந்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. நஷ்டம் 50 கோடி டாலர்! 1999 ஆகஸ்ட் 13-ம் தேதி திவால் மனு. ஷேர் மூன்று டாலர் பக்கத்தில் வந்து நின்றபோது வர்த்தகத்தை நிறுத்திவிட்டார்கள்.

"போன்தான் நல்லா வேலை செஞ்சுதே மாப்ளே?" என்றார் மாமா, நிஜமாகவே வருத்தப்பட்டு.

அங்கேதான் ஸார் விஷயம் இருக்கிறது. ஒரு சாட்டிலைட் நன்றாக வேலை செய்வது வேறு, அதற்குப் பணம் போட்டவன் பிழைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் வட்டி என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

நம்ம ஊரில் கல்யாண மண்டபம் கட்டுகிறவரை யோசித்துப் பாருங்கள். கல்யாணம் ஒன்று நடந்தாலும் நூறு நடந்தாலும் கட்டடச் செலவு ஒன்றுதான். முழுக்க முதலிலேயே போட்டாக வேண்டும். ஆனால் மண்டபக்காரருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பணம் முட்டினால் கீழ்த்தளத்தை மட்டும் கட்டி வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் மேல்தளத்தைக் கட்டலாம். இந்த சாட்டிலைட் வலையில் அது முடியாது. முப்பது சாட்டிலைட்டை மட்டும் வைத்துக்கொண்டு பாதி உலகத்துக்குச் சேவை கொடுக்க முடியாது. அவை ஓர் இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பவை. அறுபத்தாறும் மேலே போனால்தான் முதல் 'ஹலோ'. அதுவரை ஒரு டாலர் வரவு கிடையாது, வட்டி மட்டும் ராத்திரி பகலாக ஏறும்.

இன்னொரு கூத்து. பூமியில் முக்கால்வாசி கடல். ஆகவே ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஆளில்லாத தண்ணீருக்கு மேலேதான் கழிக்கும். மண்டபத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பசிபிக் கடலில் வைத்தால் முகூர்த்தத்துக்கு யார் வருவார்கள்?

தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பஸ்ஸை விற்றால் இரும்பு விலையாவது கிடைக்கும். அந்த சாட்டிலைட்டுகளின் ஆயுள் ஐந்திலிருந்து எட்டு வருஷம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ரிப்பேர் பார்க்க மெக்கானிக் போக முடியாது. கடைசியில் இறக்கி எரித்துவிட வேண்டியதுதான். பி.காம். இரண்டாம் வருஷத்தில் 'ஸ்கிராப் வேல்யூ பூஜ்யம்' என்று ஒரு கணக்கு வரும். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்புறம் இதைக் கவனியுங்கள். இரிடியத்தில் பெரிய பங்குதாரர் மோட்டரோலா. சாட்டிலைட் அமைப்பைக் கட்டித் தரும் கான்ட்ராக்டரும் மோட்டரோலாதான். அந்த கான்ட்ராக்ட் மட்டும் சுமார் 345 கோடி டாலர். மண்டபத்து முதலாளியில் ஒருவரே மேஸ்திரியாகவும் இருந்தால், கூலி முதல் நாளே பட்டுவாடா ஆகிவிடும். லாபம் வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருபது டாலர் கொடுத்து ஷேர் வாங்கியவருக்குக் கூலியும் இல்லை, லாபமும் இல்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு என்று சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'இரிடியம் இந்தியா' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, நம் ஊர் நிதி நிறுவனங்கள் கோடிக்கணக்கில் பணம் போட்டன. புனே பக்கத்தில் தரைநிலையம்கூட வந்தது. எல்லாம் கவிழ்ந்த பிறகு, 'நம்பும்படி ஆசை வார்த்தை சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டார்கள்' என்று மோட்டரோலா மீது கிரிமினல் புகார். எதிர்த்தரப்பு வாதம் என்ன தெரியுமோ? கம்பெனி என்பது மனுஷன் இல்லை, மனசு கிடையாது, மனசு இல்லாதது எப்படி ஏமாற்ற நினைக்கும்? 2010 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் இந்த வாதத்தை ஏற்கவில்லை. கம்பெனி மீதும் மோசடி வழக்குத் தொடரலாம், அதை நடத்துகிறவர்களின் நினைப்பே அதன் நினைப்பு என்று சொல்லிவிட்டது. ஏமாற்றினார்களா இல்லையா என்கிற தீர்ப்பு அல்ல அது, வழக்கு நடக்கலாம் என்பதோடு சரி. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் இந்த வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள். போட்ட பணத்தில் வந்த லாபம் மாணவர்களுக்குத்தான்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த கட்டம்.

2000-ம் வருஷம். சாட்டிலைட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி எரித்துவிடுவது என்று மோட்டரோலா ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. அப்போது டான் கொலுஸ்ஸி என்று ஒருவர் வருகிறார். பான் ஆம் விமானக் கம்பெனியின் பிரெசிடெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வயசு அறுபத்தொன்பது.

"ரிட்டயர்டு ஆளா?" என்றார் மாமா ஆவலாக.

ஆமாம். அவர் தலைமையில் ஒரு குழு அந்த 500 கோடி டாலர் சொத்தை என்ன விலைக்கு வாங்கியது தெரியுமா? இரண்டரைக் கோடி டாலர்! ரூபாய்க்கு அரைப் பைசா. அதையும் சும்மா வாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு 7 கோடியே 20 லட்சம் டாலருக்கு அமெரிக்க ராணுவத்தின் கான்ட்ராக்ட் கைக்கு வருகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். கல்யாணம் புக் ஆன பிறகு மண்டபம் வாங்கியவர்!

பழைய கடன் போச்சு. வட்டி போச்சு. அதே சாட்டிலைட், அதே 780 கிலோமீட்டர். வாடிக்கையாளர் மட்டும் மாறினார். ஏ.சி. ரூம் பிசினஸ்காரரை விட்டுவிட்டு ராணுவம், கப்பல், விமானம், எண்ணெய்க் கிணறு என்று டவரே இல்லாத இடத்தில் இருப்பவர்களிடம் போனார்கள். யாரும் இல்லை என்று அழுத அந்தக் கடல்தான் பின்னால் சோறு போட்டது. எட்டு வருஷம்தான் தாங்கும் என்ற சாட்டிலைட்டுகளில் பல இருபது வருஷம் வரை உழைத்தன. 2009-ல் கம்பெனி மறுபடி நாஸ்டாக்கில் பட்டியலாயிற்று. அதே வருஷம் பிப்ரவரியில் அதன் சாட்டிலைட் ஒன்று சைபீரியாவுக்கு மேலே செத்துப்போன ரஷ்ய சாட்டிலைட்டோடு மோதித் தூள் தூளானது. ஒரு சாலை விபத்து ஆகாயத்திலும் நடந்தது. அதையும் தாங்கிக்கொண்டு, 2017-க்கும் 2019-க்கும் நடுவில் சுமார் 300 கோடி டாலர் செலவில் 75 புது சாட்டிலைட்டுகளை ஏற்றினார்கள். வாடிக்கையாளர்கள் இன்றைக்கு இருபது லட்சத்துக்கும் மேல். 2023-லிருந்து டிவிடெண்டுகூடக் கொடுக்கிறார்கள்.

பழைய சாட்டிலைட்டுகளின் பளபளப்பான ஆன்டெனாப் பலகைகளில் சூரிய வெளிச்சம் பட்டு, சாயங்கால வானத்தில் சில விநாடிகள் சுக்கிரனைவிடப் பிரகாசமாக மின்னி மறையும். அதைப் பார்ப்பதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் மொட்டை மாடியில் காத்திருந்தார்கள். 1998-ல் 70 டாலருக்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்த ஒரே டிவிடெண்ட் அதுதான். புது சாட்டிலைட்டுகளில் அதுவும் இல்லை.

"அப்போ இப்ப இரிடியமே வாங்கிடலாமே மாப்ளே!"

இதற்குத்தான் பயந்தேன். 2023-ல் 60 டாலருக்கு மேல் விற்ற அந்த ஷேர், 2025-ன் கடைசி மாதங்களில் 20 டாலருக்குக் கீழே கிடந்தது. காரணம், எலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க். சாதாரண செல்போனோடு சாட்டிலைட்டே நேராகப் பேசும் வித்தையை அவர்கள் பெரிய அளவில் ஆரம்பித்துவிட்டார்கள். முன்பு தரையிலிருந்து வந்த செல்போன் டவர் அடித்தது, இப்போது ஆகாயத்திலேயே எதிர்வீட்டுக்காரர் ஆயிரக்கணக்கான சாட்டிலைட்டுகளோடு குடிவந்துவிட்டார். மேலும் ஒன்று, மாமா. அந்த போனை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தாலே போலீஸ் பிடிக்கும்.

டெக்ஸாஸ் பையனின் கம்பெனிக்கு வருவோம். 2021 வாக்கில் இந்த மாதிரி விண்வெளிக் கம்பெனிகள் பல, முறையான பங்கு வெளியீட்டுக்குப் பதிலாக, ஏற்கெனவே பட்டியலில் இருந்த வெறும் பெட்டிக் கம்பெனிகளோடு இணைந்து பின்வாசல் வழியாகச் சந்தைக்கு வந்தன. ஷேர் பெரும்பாலும் பத்து டாலர் கணக்கு. ஐந்து வருஷம் கழித்து வரப்போகும் வருமானத்தை வண்ணப் படம் போட்டுக் காட்டினார்கள். அப்படி வந்த வர்ஜின் ஆர்பிட் 2023 ஏப்ரலில் திவால். ஆஸ்ட்ரா என்ற ராக்கெட் கம்பெனியை அதன் நிறுவனர்களே 2024-ல் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், ஷேருக்கு அரை டாலர் என்று. நடுவில் பதினைந்து பழைய ஷேரை ஒரு புது ஷேராகச் சுருக்கியிருந்தார்கள். கணக்குப் போட்டால் முதலில் பத்து டாலர் கொடுத்தவருக்குத் திரும்பி வந்தது மூன்று சென்ட். பஸ் டிக்கெட்டின் பின்புறம் போட்டுக் காட்டினேன். மாமா தசமப் புள்ளி தப்பா என்று இரண்டு தடவை பார்த்தார்.

எல்லாமே இப்படியா என்றால், இல்லை. மாமாவின் காகிதத்திலிருந்த கம்பெனியின் ஆண்டறிக்கையை இரண்டு பேருமாகத் திறந்தோம். நிஜமான கம்பெனிதான், நிஜமான இன்ஜினீயர்கள். சூரிய ஒளித் தகடு, விண்வெளி நிலையத்துக்கான பாகம் என்றெல்லாம் செய்கிறார்கள். ஆர்டர் புத்தகம் தடிமனாக இருந்தது. அதில் பாதிக்கு மேல் அரசாங்க ஆர்டர். 'ஆர்டர் கிடைத்தது' வேறு, 'செக் வந்தது' வேறு என்று மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்வாரியத்துக்கு சப்ளை செய்த கான்ட்ராக்டர்கள் பில்லுக்கு அலைந்ததை அவர் முப்பத்தி நாலு வருஷம் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் நஷ்டம். அதை ஈடுகட்ட ஒவ்வொரு வருஷமும் புது ஷேர் அச்சடிக்கிறார்கள். இன்று நூற்றில் ஒரு பங்கு வைத்திருப்பவர் அடுத்த தீபாவளிக்கு நூற்றைம்பதில் ஒரு பங்குக்காரர். பந்தியில் இலை கூடிக்கொண்டே போகிறது, சாம்பார் அதே அளவு.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். அந்த ரிட்டயர்டு ஆளு வாங்கினாரே... முதல்ல போட்டவன் தோத்தாத்தான் ரெண்டாவது ஆளு ஜெயிக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்கு பி.காமில் பதில் இல்லை. 500 கோடியை யாரோ முதலில் இழக்காமல் அந்த வலை மேலே போயிருக்காது. இன்றைக்குப் புயலில் மாட்டிக்கொண்ட கப்பல் அதில்தான் உதவி கேட்கிறது. முதலில் போட்டவர்கள் முட்டாள்கள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. என் நாற்பதாயிரத்தில் போன பணமும் எங்கேயோ ஒரு கம்பியாகவோ திருகாணியாகவோ சுற்றிக்கொண்டிருக்கும். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட உண்டு. ஆனால் எனக்கு முப்பத்தாறு வயசு, அடுத்த மாசம் சம்பளம் மாதிரி ஏதோ ஒன்று வரும். அவருக்கு வராது. இதை மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை இரண்டு லட்சத்து தொண்ணூறாயிரம் தபால் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் கணக்குக்குப் போயிற்று. மிச்சம் பத்தாயிரத்துக்கு அந்த ஆகாயக் கம்பெனி ஷேர் வாங்கித் தரச் சொல்லிப் பிடிவாதம். "போனாப் போகுது மாப்ளே, பேரனுக்குக் காட்டறதுக்கு" என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் மறுபடி போன். "மாப்ளே, நம்ம ஆகாயக் கம்பெனி எப்ப திவாலாகும்னு ஏதாவது தெரியுமா?"

"ஏன் மாமா?"

"இல்ல, பார்க்ல நாங்க ஏழு பேர் இருக்கோம். எல்லாரும் ரிட்டயர்டு. ரூபாய்க்கு அரைப் பைசான்னா, சேர்ந்து வாங்கிடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம்..."